பெயரும் பொருளும்: ‘ஜி’ என்னும் வேர்

நம் இல்லங்களில் வழங்கும் பெயர்கள் பலவற்றிற்கு வேர் ஒன்றே. வடமொழியில் ‘ஜி’ என்னும் வினையடி வெல்லுதலைக் குறிக்கும்.

ஜினன்: புலன்களையும் வினைகளையும் வென்றவன்.

ஜினேந்திரன்: ஜின + இந்திரன். அகரமும் இகரமும் புணர்ந்து ஏகாரமாயின. ஜினர்களுள் தலைவன் என்பது பொருள்.

அஜிதன்: முதலில் நிற்கும் அகரம் எதிர்மறை. வெல்லப்படாதவன், இரண்டாம் தீர்த்தங்கரரின் திருப்பெயர்.

விஜயன், விஜயா: ‘வி’ சிறப்பை உணர்த்தும். சிறந்த வெற்றி உடையவர். திருப்பூருக்கு அண்மையில் சந்திரப்பிரபர் கோயில் கொண்டுள்ள விஜயமங்கலத்தின் பெயரிலும் இச்சொல்லே அமைந்துள்ளது.

வடமொழி ஜகரம் தமிழில் சகரமாகவும் யகரமாகவும் திரியும் என்பது நன்னூல் விதி. பங்கஜம், பங்கயம் ஆவது போல. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பர். ஆதலின் ‘சினன்’, ‘விசயன்’ என எழுதுதல் பிழையன்று, இலக்கணமே. எனினும் ‘சினன்’ என்பதைச் சினம் என்னும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்தி மயங்கலாகாது. சினத்தையும் வென்றவனே சினன்.

ஓசை இனிமை ஒன்றையே கருதிப் பெயரிடும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. இடும் பெயரின் பொருளைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெற்றோர் கடமையாம். பிறரை வெல்வதன்று, தன்னை வெல்வதே வெற்றி என்பதை அக்குழந்தை தன் பெயரிலிருந்தே கற்கும்.

பயிற்சி: அபராஜிதன், ஜெயபாலன் ஆகிய பெயர்களைப் பிரித்துப் பொருள் காண்க.