முயலகனும் அலைநரம்பும்

ஆடவல்லானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவை நம் மாணாக்கர் யாவரும் கண்டிருப்பர். தமிழில் அவனை முயலகன் என்பர். வடமொழியில் அபஸ்மாரன் என்பர். நினைவு அழிதல் என்னும் பொருளை அவ்வடசொல் தரும். வலிப்பு நோய்க்கும் இவ்விரு பெயர்களும் பண்டு வழங்கின. முயலகன் என்னும் நோய்வாய்ப்பட்ட தன் மகளைக் கொல்லிமழவன் என்னும் அரசன் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிலே கொணர்ந்து கிடத்தினான் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயை நீக்கினார் என்றும் பெரியபுராணம் கூறும். இவ்வரலாற்றில் ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அத்தந்தை தன் மகளை அரண்மனையுள் மறைத்து வைத்தானல்லன்; பலரும் காணும் இடத்துக்குக் கொணர்ந்தான்.

இன்றோ வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இந்நோயை மறைப்போர் உளர். பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும், கலியாணம் தடைப்படும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். மறைக்கப்படும் நோய் தீர்வதில்லை. பிள்ளையின் கல்வியே பாழாகின்றது. ஆதலின் இந்நோயைப் பற்றியும், மருந்துக்கு அடங்காதவிடத்துச் செய்யப்படும் ஒரு புதிய சத்திரசிகிச்சையைப் பற்றியும் ஈண்டுச் சில கூறுவோம்.

மூளையின் உயிரணுக்கள் நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று பேசுவன. அவற்றுட் பல ஒரேவேளையில் முறைகடந்து மின்னை வெளியிடும்போது வலிப்பு உண்டாகின்றது. இது பேயின் செயலன்று, தொற்று நோயுமன்று. உலகில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் இந்நோயுடையர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தக்க மருந்தை ஒழுங்காக உட்கொள்வாருள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழலாம். எஞ்சியோரே நம் கவனத்துக்குரியர். நோய்க்குப் பொருத்தமான இரு மருந்துகளை முறைப்படி கொடுத்தும் வலிப்பு நில்லாதாயின், அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு எனக் கொள்க என்று 2010ஆம் ஆண்டில் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது.

அத்தகையோருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. மூளையில் வலிப்புத் தோன்றும் இடம் ஒன்றாயிருந்து, அதனை அகற்றுவதால் பேச்சு முதலிய ஆற்றல்கள் கெடாவாயின், அப்பகுதியைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவை நிறுவினார். வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சை அங்கே 1952இல் தொடங்கிற்று. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் 1995 முதல் இத்துறையிற் சிறந்து விளங்குகின்றது.

வலிப்புத் தோன்றும் இடம் பலவாயினும், அகற்ற இயலாததாயினும் யாது செய்வது? அங்கேதான் அலைநரம்பு நமக்கு உதவுகின்றது. மேலைநாட்டார் இதனை வேகஸ் என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அலைந்து திரிவது என்பது பொருள். மூளையின் அடியிலே தோன்றிக் கழுத்தின் வழியே இறங்கி, இருதயம், சுவாசப்பை, இரைப்பை எனப் பல உறுப்புக்களையும் தொட்டுச் செல்வதால் இப்பெயர் பெற்றது. இதன் இழைகளுள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்வன. ஆகவே, கழுத்திலே கொடுக்கும் மின்தூண்டல், மண்டையோட்டைத் திறவாமலே மூளையைச் சென்றடையும்.

அலைநரம்பைத் தூண்டினால் மூளையின் மின்னலைகள் மாறுவதை 1938இல் பெய்லி, பிரெமர் என்னும் இருவர் பூனைகளிற் கண்டனர். அத்தூண்டல் வலிப்பைத் தடுக்கும் என்பதை அமெரிக்க அறிஞர் ஜேக்கப் ஸபாரா 1980களில் நாய்களில் நிறுவினார். 1988இல் வட கரோலைனாவில் மனிதர் ஒருவருக்கு முதன்முதலாக இக்கருவி பொருத்தப்பட்டது. அமெரிக்க அரசு 1997இல் இதனை அங்கீகரித்தது.

சத்திரசிகிச்சை ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்தில் முடிவது. இடப்பக்கத்துக் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில், மின்கலம் அடங்கிய சிறு கருவியை வைப்பர். அதிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியைக் கழுத்தின் இடப்பக்கத்து அலைநரம்பிலே சுற்றுவர். வலப்பக்கத்து நரம்பு இருதயத் துடிப்பை மிகுதியும் ஆள்வதால் அதனைத் தவிர்ப்பர். கருவி பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 செக்கன் அளவு மின்தூண்டல் கொடுக்கும். வைத்தியர் வெளியிலிருந்தே அதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். மின்கலம் சில ஆண்டுகளில் தீரும். அப்போது சிறு சத்திரசிகிச்சையால் கருவியை மாற்றுவர்.

பயன் யாது? நெடுங்காலம் இக்கருவியுடன் வாழ்வோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆகின்றது. முற்றாக நீங்கப் பெறுவோர் சிலரே. பயனும் உடனே தோன்றாது. மாதங்கள் செல்லச் செல்லவே மிகும். மருந்தையும் தொடர்ந்து உட்கொள்ளல் வேண்டும். தூண்டல் நிகழும்போது குரல் கம்முதலும் இருமலும் சிலருக்கு உண்டாம்.

இவ்வளவுதானா என்று சலிப்போர்க்கு முயலகனையே சான்று காட்டுவோம். ஆடவல்லான் அவனைக் கொன்றானல்லன். அடியின் கீழ் அடக்கி வைத்தான். இக்கருவியும் அத்தன்மைத்தே. நாளைக்கு நான்கு முறை விழுந்தெழும் பிள்ளைக்கு அது இரண்டாகக் குறையுமாயின், காயங்கள் குறையும். பாடம் கேட்கும் நாள்கள் கூடும். தாய் இரவில் உறங்குவாள். இவை சிறு பேறுகளல்ல.

கருவி விலை மிகுந்தது. ஆதலின் நகையை அடகு வைப்பதற்கு முன்னர்ப் பெற்றோர் வைத்தியரிடம் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும். இது உண்மையில் வலிப்பு நோய்தானா? மருந்துகள் தக்க அளவில், தவறாது கொடுக்கப்பட்டனவா? மூளையில் நோயுள்ள இடத்தை அகற்ற இயலுமா? இம்மூன்றும் தெளிந்த பின்னரே இக்கருவியைப் பற்றி எண்ணுதல் முறை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையைச் சார்ந்த தேசிய வலிப்பு நோய் நிலையமும், சிறுவர்க்குப் பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலையும் நமக்கு அண்மையில் உள்ளன. தயங்காது அங்கே செல்க.

இனி, வகுப்பறையில் நாம் செய்யவேண்டுவன சில. வலிப்புற்ற மாணவனை ஒருபக்கமாகக் கிடத்துக, கழுத்துப்பட்டியைத் தளர்த்துக, வாயிலே கரண்டி முதலிய எதனையும் திணியாதீர், கைகால்களை அழுத்திப் பிடியாதீர். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுக. 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவுவண்டியை வரவழையுங்கள். கையிலே திறப்புக் கோவையையோ இரும்பையோ கொடுப்பதால் யாதொரு பயனுமில்லை. ஆனால், கருவி பொருத்தப்பட்ட மாணவனிடம் ஒரு காந்தம் இருக்கும். அதனை அவனுடைய மார்பிலுள்ள கருவியின் மீது ஒருமுறை கடத்தினால், மேலதிகத் தூண்டல் பிறந்து வலிப்பு அடங்கவோ சுருங்கவோ கூடும். இரும்பு வேறு, காந்தம் வேறு. முன்னையது வெறும் நம்பிக்கை, பின்னையது வைத்தியர் வகுத்த முறை. அம்மாணவனின் பக்கத்து வாங்கில் இருப்பவனும் வகுப்பாசிரியரும் அதனைப் பழகி வைத்திருத்தல் நன்று.

வலிப்பு ஓய்ந்தபின் அவன் கண் விழிக்கையில், சூழ நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அவன் காணலாகாது. அருகிலிருந்து பெயர் சொல்லி அழைக்கும் ஒரு நண்பனையே காணல் வேண்டும். அதற்குச் சத்திரசிகிச்சையும் வேண்டா, பொருளும் வேண்டா. நம் கல்லூரியின் மாணாக்கர் இன்றே அதனைச் செய்யத் தொடங்கலாம்.