உத்தியோகத்தை விட்டு நிலத்துக்கு வருவது எப்போது?

திருச்சி வட்டாரத்தில் பல சிறு விவசாயக் குடும்பங்களில் ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையிலோ, திருவெறும்பூர் பெல் ஆலையிலோ, அரசு அலுவலகத்திலோ இருப்பார். அவர்களில் சிலருக்கு, வேலையை விட்டு முழு நேரமும் சாகுபடியில் இறங்க வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆசை நல்லதே. எப்போது என்பதுதான் கேள்வி.

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன் இக்கேள்விக்கு விடை காண 10 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1907-ல் தேர்வில் முதலாவதாகத் தேறி, கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். மனமோ ஆராய்ச்சியில் இருந்தது. வேலையை விடவில்லை. விடியற்காலையிலும், அலுவலகம் முடிந்த பின் இரவு வரையிலும் அங்கிருந்த விஞ்ஞானச் சங்கத்தில் ஆய்வு செய்தார். ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானபோதும் ஆய்வைக் கைவிடவில்லை. பிறகு கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை, அது நீக்கப்பட்டது. 1917-ல் சேர்ந்தார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

பாதியானாலும் அவருக்கு மாதந்தோறும் சம்பளம் வந்தது. வாழை போடுபவருக்கு அப்படியல்ல. கன்று நட்டுத் தார் வெட்ட, ரகத்துக்கு ஏற்ப 10 முதல் 14 மாதங்கள் ஆகும். குலை தள்ளிய நிலையில் ஆடிக் காற்றோ கொள்ளிடத்து வெள்ளமோ வந்தால் அதுவும் போயிற்று.

ஆகவே, வேலையில் இருக்கும்போதே நிலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஷிப்டு முடிந்து வந்து ஒரு ஏக்கரில் பாடுபடுகிறார். அறுவடையில் கையில் பணம் நிற்கிறது. லாபம் என்று நினைக்கிறார். நடுவில் உரத்துக்கும், களையெடுத்த கூலிக்கும், மோட்டார் காயில் கட்டியதற்கும் சம்பளப் பணம் போயிருக்கும். அது நினைவில் இருக்காது. நிலத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, முதலில் போடும் முதலுக்கு மேல் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் அதில் சேர்க்காமல் இரண்டு, மூன்று சாகுபடிகள் செய்து பார்க்கலாம். அதில் ஒன்றாவது மோசமான பருவமாக இருப்பது நல்லது! தன் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டும். அப்படியும் கணக்கு நின்றால், வேலையை விடும் காலம் நெருங்கிவிட்டது எனலாம். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான பணமும் தனியே இருக்க வேண்டும். சேமநிதி முழுவதையும் எடுத்து ஆழ்துளைக் கிணற்றில் போடுவது சரியல்ல. தண்ணீர் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை.

கோ. நம்மாழ்வார் விஷயம் வேறு. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த அவர் 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கு நடந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று கருதி 1969-ல் விலகினார். செய்யும் வேலையே தவறு என்று தோன்றிய பின் காத்திருப்பது கடினம். பெரும்பாலோர் நிலை அதுவல்ல, அவர்களுக்கு அலுப்புதான். அலுப்புக்கு ஓராண்டு பொறுக்கலாம்.

விலகும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை பெற 5 ஆண்டுத் தொடர் சேவை தேவை. தொழிலாளர் சேமநிதி ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு. மத்திய அரசு ஊழியர் 20 ஆண்டு முடித்திருந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம். அதற்கு முன் ராஜினாமா செய்தால் பழைய சேவைக் காலம் பொதுவாகக் கணக்கில் வராது. சில மாதங்கள் முந்தி விலகி இவற்றை இழந்தவர்கள் உண்டு. பட்டா அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக இருந்தால், ராஜினாமா கடிதம் எழுதும் முன்பே பாகம் பிரித்து உட்பிரிவு செய்துகொள்வது நல்லது.