முதலில் டார்ச்சை எடு, தங்கச்சி

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பீரோவில் வைத்த கேமராவை அடுத்த பிப்ரவரியில்தான் எடுத்தேன். தோல் பையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை! சென்னைக் காற்றின் ஈரத்தையெல்லாம் தோல் பை பிடித்து வைத்திருக்கிறது. அழுதே விட்டேன்.

உன் லென்ஸிலும் இழை தெரிந்தால் நீயே துடைக்கப் பார்க்காதே. அது கண்ணாடிகளுக்கு உள்ளே இருக்கும், சர்வீஸுக்குக் கொடு. மற்ற லென்ஸ்களோடு சேர்த்தும் வைக்காதே. நல்ல லென்ஸை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடு. பேட்டரியை சார்ஜ் போடு. தேதி, ஐஎஸ்ஓ இரண்டையும் சரிபார்.

கேமரா தேறிவிட்டது என்று முதல் நாளே காசிமேடு மீன் ஏலத்துக்கு ஓடிவிடாதே. நான் ஓடினேன். அந்த இரைச்சலில் எதைப் பார்ப்பது என்றே புரியாமல் 300 படம் எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. பல மாதம் நான்கு சுவருக்குள் இருந்த கண்ணுக்கு அத்தனையும் ஒரேயடியாக வந்தால் தாங்காது.

பிறகு மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். ஒரே 50 எம்எம் லென்ஸ், காலை ஏழு மணி, பழைய ஃபிலிம் ரோல் கணக்கில் 36 படம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கொடியில் அப்பாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அம்மா வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். சாய்ந்த வெயிலில் அவள் நிழல் வேட்டியில் விழுந்தது. குனிந்த முதுகு, கையில் அச்சு, நெற்றியில் பிரிந்த இரண்டு முடிகூடத் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கியது. இந்த மாதிரி வெள்ளைத் துணி ஃப்ரேமை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 ஏற்றிக்கொள்.

இடம் சின்னது என்று குறைப்படாதே. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுடெக், நாஜிகளின் பிடியில் இருந்த பிராக் நகரத்தில் 1940-ல் தன் ஸ்டூடியோ ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். 1954 வரை அதே ஜன்னல்தான். கண்ணாடியில் படிந்த பனி, வெளியே வளைந்து நின்ற ஒரு மரம், அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் மாடி, அடுத்த வாரம் தெருமுனை. பூக்கார அம்மாவைக் கேட்டுவிட்டு எடு. மாஸ்க் போட்டிருந்தால் ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். முதல் 36 படத்தையும் எனக்கு அனுப்பு, அழிக்கலாம் என்று நீ நினைப்பதையும் சேர்த்து.