கொல்லிமலைக்குப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நண்பர்களோடு கொல்லிமலைக்குக் கிளம்புகிறாய் என்று அக்கா சொன்னாள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவியில் ஒரு குளியல், இருட்டுவதற்குள் இறக்கம். உங்கள் திட்டம் இவ்வளவுதான் இருக்கும். இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள். அது சந்தை நாளாக இருக்கட்டும். எந்த ஊரில் என்றைக்குச் சந்தை என்பதை மலையேறும் பேருந்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

வளைவுகள் முடிந்து மேலே வந்ததும் சோளக்காடு. காலையிலேயே போய்விடு. சுற்று ஊர்களிலிருந்து பலாவும் வாழைத்தாரும் அன்னாசியும் மிளகும் வந்து இறங்கும். கீழிருந்து வந்த வியாபாரிகள் பலாப்பழத்தை விரலால் தட்டிப் பார்த்தே விலை சொல்வார்கள். நீ மிளகு வாங்கு. ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கினால் நன்றாகக் காய்ந்தது கலகலவென்று சத்தம் போடும், ஈரமுள்ளது மந்தமாக இருக்கும். ஒன்றைக் கடித்துப் பார், பட்டென்று உடைய வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறி, கொத்துக் கொத்தாகப் பறித்து, வெயிலில் காயவைத்த சரக்கு அது. சொன்ன விலையைக் கொடு. இருபது ரூபாய்க்கு அவர்களிடம் பேரம் பேசாதே.

அங்கே நீ பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதே, தமிழ் பேசுகிறவர்கள்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய வழிக்கதை சொல்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலையே நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. யாரிடமாவது ஊர் எது என்று கேட்டால் நாட்டின் பெயரையும் சேர்த்துக் கேள். உன்னிடம் பேச அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்து செம்மேடு. வில்வித்தைக்கும் கொடைக்கும் பேர்போன வல்வில் ஓரியின் சிலை அங்கே நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆடிப் பெருக்கை ஒட்டி ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு அருவிக்கு இறங்கு. ஆயிரத்துக்கு மேல் படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் பேசும். மழை வலுத்தால் அருவியின் ஐயாறு பொங்கும், அப்போது இறங்கவே வேண்டாம்.

படிகளைவிட மேட்டுக்காடுகளை நீ கவனிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி நிற்கிறது. கீழே சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டன, கையில் காசு புழங்கியது. சாமைக்கு அந்த வசதி இல்லை. அறுத்துப் போரடித்து முடித்தாலும், உமி நீக்க உரலில் மணிக்கணக்காகக் குத்த வேண்டும். குத்தியவர்கள் பெண்கள். கிழங்கு வந்ததும் அந்தப் பாடு ஒழிந்தது என்று ஒரு பாட்டி சொன்னால், பாரம்பரியம் போச்சே என்று அவரிடம் பேசாதே. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது, விதைகளைக் காப்பதோடு நிற்காமல் ஊர்களுக்குச் சிறிய அரவை இயந்திரங்களையும் கொண்டுவந்தது. சிறுதானியத்தைக் காக்க நினைக்கிறவர்கள் முதலில் உரலை நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று. அந்தக் குச்சிக்கிழங்கும், நீ சந்தையில் வாங்கும் அன்னாசியும் தென்னமெரிக்காவில் பிறந்தவை. அங்கே ஆண்டீஸ் மலையில், பெரு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் குஸ்கோ நகரம் இருக்கிறது. பக்கத்திலுள்ள பீசாக்கில் மலைச்சனங்கள் கூடும் சந்தை பேர்பெற்றது. பீசாக்கை அடுத்த கெச்சுவா ஊர்கள் சில ஒன்றுசேர்ந்து, உருளைக்கிழங்கில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களைத் தங்கள் நிலத்திலேயே பயிரிட்டுக் காக்கின்றன. அவர்களுடைய கினோவா தானியத்துக்காக 2013-ஐ ஐ.நா. சபை சர்வதேச ஆண்டாக அறிவித்தது, நம் சிறுதானியங்களுக்காக 2023-ஐ. கினோவாவுக்கு உலகச் சந்தையில் விலை ஏறியது. நம் சாமைக்கும் அது நடக்கும் என்றால், அந்தக் காசு மலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் சந்தைக்குப் போகச் சொல்கிறேன்.

சாமை வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதை எடுக்காதே. தவிடு போகாதது சற்றே மங்கலாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கு. அரை மணி நேரம் ஊறவைத்து வடிக்கச் சொல் அக்காவிடம்.

இறங்கியதும் நேரே ஊருக்குப் பேருந்து ஏறாமல், ராசிபுரம் பக்கம் ஏதாவது ஒரு ஜவ்வரிசி ஆலையில் அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பார். லாரியில் வந்து இறங்கும் கிழங்கைக் கழுவி, அரைத்து, பாலெடுத்து, மாவாக்கித் திரட்டிக் களத்தில் காயவைப்பார்கள். அங்கே கிழங்கு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, மலையில் கேட்ட விலையோடு சேர்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா