உமிழ்நீர்க் கட்டிகளும் சத்திரசிகிச்சையும்

கீழுதட்டின் உட்புறத்தில், பளிங்கு மணி போன்று சற்றே நீலம் பாய்ந்த சிறு வீக்கம் ஒன்று தோன்றுகிறது. வலி இல்லை. சில நாள்களில் அது தானாக உடைந்து வழுவழுப்பான நீரைக் கக்கி மறைகிறது. பின்னர் அதே இடத்தில் மீண்டும் எழுகிறது. சிறுவரிடத்தும் இளவயதினரிடத்தும் மிகுதியாகக் காணப்படும் இதனை வைத்தியர்கள் மியூகோசீல் என்பர்.

வாயின் உட்தோலின் கீழே நூற்றுக்கணக்கான சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. உதடு கடிபடும்போது அவற்றுள் ஒன்றின் நுண்குழாய் கிழிந்தால், வாய்க்குள் வரவேண்டிய உமிழ்நீர் தசையிடையே கசிந்து தேங்குகிறது. நீரை வெளியேற்றினாலும் சுரப்பி ஓய்வதில்லை. ஆகையால் வீட்டில் ஊசியால் குத்தி உடைப்பது பயனற்றது, கிருமித்தொற்றுக்கும் இடமளிக்கும்.

சிறிய கட்டிகள் சில தாமாகவே ஆறிவிடும். திரும்பத் திரும்ப வருமாயின், கட்டியோடு அதற்கு நீரூட்டும் சுரப்பிகளையும் சேர்த்து அகற்றுதல் வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உதட்டை விறைக்கச்செய்யும் ஊசியே போதுமானது. அன்றே வீடு திரும்பலாம். அகற்றிய திசுவை ஆய்வுகூடத்திற்கு அனுப்புவது வழமை. அதனைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. மேலுதட்டில் இக்கட்டி அரிது. அங்கே தோன்றும் வீக்கம் வேறு நோயாகவும் இருக்கலாம் என்பதால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

நாவின் கீழே, நாவடிச் சுரப்பியிலிருந்து தோன்றும் பெரிய கட்டிக்கு ரானுலா என்று பெயர். லத்தீன் மொழியில் அது சிறு தவளையைக் குறிக்கும். பிரெஞ்சு பேசும் வைத்தியர் ‘கிரெனுயெத்’ என்றால், அதுவும் இதுவே. சில வேளைகளில் இது தாடையின் கீழிறங்கிக் கழுத்து வீக்கமாக மட்டும் தெரியும்.

இதற்கான சிகிச்சையைத் தெரிவுசெய்வதிலேதான் கவனம் தேவை. கட்டியின் கூரையை மட்டும் திறந்து விளிம்பைத் தைத்துவிடுதல் எளிது. ஆயின் கட்டி மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். நாவடிச் சுரப்பியையே அகற்றினால் மீள்வது அரிது. எனினும் நாவுக்கு உணர்வூட்டும் நரம்பும், தாடையடிச் சுரப்பியின் குழாயும் மிக அருகே செல்வதால், நா மரத்துப்போதல் போன்ற இடர்கள் உண்டு. ஏனைய சுரப்பிகள் இருப்பதால் வாய் வறண்டுவிடுமென அஞ்சவேண்டாம். “சுரப்பியை அகற்றுவீர்களா, கட்டியை மட்டும் திறப்பீர்களா?” என்று, ஒப்பமிடுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

மொன்றியலில் முதலில் பல் வைத்தியரையோ குடும்ப வைத்தியரையோ அணுகலாம். அவர் வாய், முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார். சிறுவர்களுக்குச் செயின்ற் ஜஸ்ரின் வைத்தியசாலையும் மொன்றியல் சிறுவர் வைத்தியசாலையும் உள்ளன. யாரிடம் செல்வதெனத் தெரியாவிடின் 811 என்ற எண்ணை அழைத்துத் தாதியிடம் வினவலாம். நோயின் பொருட்டு வைத்தியசாலையில் செய்யப்படும் சில வாய்ச் சத்திரசிகிச்சைகளின் செலவைக் கியூபெக் சுகாதாரக் காப்புறுதிச் சபை ஏற்கிறது. தனியார் சிகிச்சையகத்தில் பெரும்பாலும் அவ்வாறன்று. எங்கே செய்யப்படும், யார் செலுத்துவது என்பதை முன்கூட்டியே உறுதிசெய்க. சந்திப்பு நேரம் பெறும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். பிள்ளைகளை அப்பணிக்கு அழைத்துச் செல்வது உகந்ததன்று.

நாவடி வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்குவதில் சிரமமோ தோன்றின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறின் உடனே 911 ஐ அழையுங்கள்.