தூண்டில் கம்புக் கட்டு: நிறத்தைக் காப்பதா, பிடியைக் காப்பதா?

நல்ல சிவப்பு நைலோன் நூலால் வளையத்தைக் கம்போடு சேர்த்து நெருக்கமாகச் சுற்றி முடித்ததும் கட்டு பளபளவென்று இருக்கும். எபொக்சி பூசிய சில நிமிடத்தில் அது கருஞ்சிவப்பாகிவிடும். கறுப்புத் தண்டில் மஞ்சள் நூல் அழுக்குப் பச்சையாகத் தெரியும். வெள்ளை நூல் இருந்த இடமே தெரியாது. "காக்கா, நூல் சாயம் போகுதே" என்று பக்கத்தில் நிற்கும் பையன் சொல்வான். சாயம் போகவில்லை. இழைகளுக்கு இடையே இருந்த காற்றுதான் ஒளியைச் சிதறடித்து நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எபொக்சி அந்த இடத்தை நிரப்பிவிட்டது. நைலோனும் எபொக்சியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் நூல் கண்ணாடிபோல் ஆகி, அடியிலுள்ள தண்டின் கறுப்பு மேலே வந்து நிற்கிறது.

இதைத் தடுக்க எபொக்சிக்கு முன் பூசுவதுதான் கலர் பிரிசர்வர். நீரில் கரையும் அக்ரிலிக் வகையே பழகுவதற்கு லேசு. பால்போல் இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். மணம் குறைவு, தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம். நூல் ஊறும்வரை பூசி, மிஞ்சியதை ஒற்றியெடுத்து, காய்ந்தபின் மறுபடி பூச வேண்டும். இரண்டு, மூன்று பூச்சுத் தேவை. எங்கேனும் ஊறாமல் விட்ட இடம் எபொக்சி பட்டதும் கறுப்புத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும், அதை அப்புறம் சரிசெய்ய முடியாது. ஆனால் கல்முனைக் கரையில் இதற்கு எதிரி ஈரம். வாடைக்காற்று மாதங்களில் மேல்பக்கம் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் எபொக்சி போட்டால் மங்கல் விழும், பிறகு தோல்போல் உரியும். மழை நாளில் ஒரு நாளுக்கு இரண்டு நாள் விடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் வேகமாகக் காயும். அப்போது தெருப்புழுதி வந்து ஒட்டும் என்பது வேறு கதை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

தின்னரில் கரையும் லக்கர் வகை மழைக்காலத்திலும் சட்டென்று காயும். ஆனால் நெடி அதிகம், அடுப்பு எரியும் வீட்டுக்குள் திறக்கவே கூடாது. சில நூல்களின் சாயத்தை அது இளக்கும், தண்டின் மேல்பூச்சையும் தொட்டுப் பார்க்கும். தளபாடப் பட்டறையில் கிடைக்கும் எண்ணெய் வார்னிஷை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள், அதுவே நூலை இருட்டாக்கும். வெள்ளைப் பசையும் வேண்டாம், ஈரம் பட்டால் இளகும்.

பிரிசர்வரே தேவைப்படாத 'என்.சி.பி.' நூலும் இருக்கிறது. தயாரிப்பிலேயே பதப்படுத்தியது. எபொக்சிக்குள்ளும் நிறம் பெரிதாக மாறாது. பளபளப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. தையல்கடைப் பொலியெஸ்டர் நூலை மலிவென்று எடுத்தால் அதன் தும்பு எபொக்சிக்குள் முள்முள்ளாக நிற்கும். பருத்தி நூல் இன்னும் மோசம்: மருதமுனைத் தறியில் எவ்வளவு அழகாக இருந்தாலும், கம்பில் எபொக்சியைக் குடித்து இருண்டுவிடும்.

கரையில் நின்று கனமான ஈயத்தை வீசிப் பாரை பிடிக்கும் கம்பென்றால் வளையக் கட்டில் நான் பிரிசர்வர் போடமாட்டேன். எபொக்சி நூலுக்குள் இறங்கி, வளையத்தின் காலுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சின்னப் பொந்தை நிரப்பினால்தான் எல்லாம் ஒன்றாகப் பிடிக்கும். பிரிசர்வர் முதலில் போய் உட்கார்ந்தால் எபொக்சி மேலே வெறும் மூடியாக நின்றுவிடும். வீசும் ஒவ்வொரு தடவையும் கால் இம்மியளவு அசையும், உப்புத்தண்ணீர் உள்ளே போகும், துரு அடியிலிருந்து தொடங்கும். ஒலுவில் முதல் பொத்துவில் வரையான திறந்த கடலுக்கு என்.சி.பி. நூல் அல்லது கறுப்பு, கருநீலம் போதும். ஆசைப்பட்ட மஞ்சளையும் சிவப்பையும் கைப்பிடிக்கு மேலே அலங்காரப் பட்டையில் சுற்றி, அங்கே மட்டும் பிரிசர்வர் பூசுங்கள். அங்கே பாரம் விழாது. களப்பில் சின்ன மீனுக்குப் போடும் மெல்லிய கம்புக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம், விருப்பப்படி செய்யலாம்.

எதை வாங்கினாலும் முதலில் முறிந்த கம்புத் துண்டொன்றில் அதே நூலை ஒரு அங்குலம் சுற்றுங்கள். பாதியில் பிரிசர்வர், பாதியில் ஒன்றுமில்லை, நன்றாகக் காய்ந்தபின் இரண்டின் மேலும் எபொக்சி. இறுகியதும் வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டின் கீழ் வேண்டாம். துண்டின் நிறம் உங்கள் தண்டின் நிறமாகவே இருக்க வேண்டும். வெள்ளைத் துண்டில் செய்த சோதனை கறுப்புத் தண்டுக்கு உதவாது.