கப்பி மீன்: பிரித்து வளர்த்தால் நிறம் நிற்கும்

வீட்டுக் கொல்லையில் மூன்று சிமெண்டுத் தொட்டிகளுக்கு இடமும் கைபம்புத் தண்ணீரும் இருந்தால், கூத்தாநல்லூர் வட்டார விவசாயிகள் நெல்லுடன் வண்ண மீனும் வளர்க்கலாம். புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது கப்பி. இது தானே பெருகும். நிறம் கெடாமல் பெருக்குவதே வளர்ப்பவரின் வேலை.

தோற்றம்

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதி. கொசுப் புழுக்களைத் தின்பதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் மீன் சுமார் 3 செ.மீ. நீளமிருக்கும். பளிச்சென்ற நிறங்களும் விசிறி போன்ற வாலும் ஆணுக்கே சிறப்பு. பெண் மீன் 5 செ.மீ. வரை வளரும், நிறம் குறைவு, வயிறு பருத்திருக்கும்.

தொட்டியும் தண்ணீரும்

தொட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 1½ அடி உயரம் இருக்கலாம். ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 340 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். புதுத் தொட்டியில் சிமெண்டின் காரம் நீங்க, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பிப் பலமுறை மாற்றிய பின்னரே மீன் விடவேண்டும். சற்று உப்புக் கரிக்கும் நீரையும் கப்பி தாங்கும். வாய்க்கால் நீரில் வயலுக்குத் தெளித்த பூச்சிமருந்து கலந்திருக்கலாம். அதைத் தவிர்ப்பது நலம். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றவும். தவளை, மீன்கொத்தி, தும்பி அண்டாமல் தொட்டியை வலையால் மூடவேண்டும்.

தீவனம்

சலித்த தவிடும் பொடித்த கடலைப் பிண்ணாக்கும் கலந்து, சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு காலை மாலை இடவும். கொசுப் புழுவும் நல்ல இரை.

பிரிக்கும் காலம்

கப்பி முட்டையிடுவதில்லை, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். தாயே குஞ்சுகளைத் தின்றுவிடும். வேலம்பாசி போட்டால் குஞ்சுகள் அதில் ஒளிந்து பிழைக்கும். பிறகு வேறு தொட்டிக்கு மாற்றலாம். மூன்று, நான்கு வாரத்தில் ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல் நீளத் தொடங்கும். அப்போதே ஆண், பெண்ணைத் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். ஒருமுறை இணைந்த பெண் மீன் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து, மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனும். ஆகவே பிந்திப் பிரித்துப் பயனில்லை. பல நிறங்கள் கலந்தால் அடுத்த தலைமுறை சீராக இராது, விலையும் குறையும்.

எச்சரிக்கை

கழிக்கும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். வாய்க்காலில் விட்டால் கப்பி தப்பிப் பெருகி, நாட்டு மீன் குஞ்சுகளின் இரைக்குப் போட்டியாகும்.

வண்ண மீன் வணிகத்துக்குச் சென்னை கொளத்தூர் பெயர் பெற்றது. எனினும் அருகிலுள்ள கடைகளில் எந்த நிறம் விலை போகிறது என்று விசாரித்த பின் தொட்டி கட்டுவதே நன்று. ஆலோசனைக்கு மீன்வளத் துறையையோ நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.